நடுப்பொட்டு பேசும் ஒரே சொல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை. கறுப்புத் துணி விரித்து அதன்மேல் ஒரு ஜோடி கொலுசை வைத்திருந்தார்கள். பட்டறைக்காரரின் மகன் வெளியூர் வியாபாரிக்கு வாட்ஸப்பில் அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளாஷ் கேமராவின் தலையிலேயே இருந்தது. எடுத்த படத்தில் மணிகள் பாதி சுண்ணாம்பாக வெளுத்தும் பாதி கரியாக இருண்டும் கிடந்தன. மூன்று நாள் உட்கார்ந்து செய்த நகாசு வேலை எதுவும் தெரியவில்லை.

என் பையில் ஒரு ஃப்ளாஷ் இருந்தது. வேறு நிறுவனத்தின் கேமராவுக்காகப் பல வருடங்களுக்கு முன் வாங்கியது. அதை எடுத்ததும் அந்தத் தம்பி தயங்கினார். "அண்ணா, உங்க லைட்டு வேற கம்பெனிங்க. என் கேமராவுல எரியுமுங்களா?"

எரிந்தது. கொலுசுக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி ஃப்ளாஷை வைத்தோம். நடுவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடிபோலக் கட்டினோம். அவர் கேமராவில் ஒரு ரேடியோ ட்ரிகர், ஃப்ளாஷின் காலில் ஒரு ரிசீவர். இப்போது ஒவ்வொரு மணியும் உருண்டு நின்றது, கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அதே இடத்தில் என் கேமராவாலும் எடுத்துப் பார்த்தோம். வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை.

வேட்டி செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் வெள்ளி ஒரு கண்ணாடி. எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். கேமராத் தலையில் இருக்கும் ஃப்ளாஷின் முகம் தீப்பெட்டி அளவு. அது வெள்ளியில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியாக விழுகிறது, சுற்றியுள்ள இருட்டு கறுப்பாக விழுகிறது. வேட்டியின் வழியே வரும்போது வேட்டி முழுவதுமே விளக்காகிவிடுகிறது. கொலுசை விடப் பல மடங்கு பெரிய விளக்கு. அதன் பிம்பம் மணியின் வளைவு முழுவதும் படர்கிறது. ஒளி மென்மையா கடுமையா என்பது, பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. இதில் கம்பெனிக்கு எந்தப் பங்கும் இல்லை.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். இதே கேள்வியை ராசிபுரத்தில் கேட்டிருக்கிறார்கள், திருச்செங்கோட்டிலும் கேட்டிருக்கிறார்கள். கடனுக்குக் கேமரா வாங்கி ஸ்டூடியோ தொடங்கும் பிள்ளைகளுக்கு இது ஆயிரக்கணக்கான ரூபாய்க் கேள்வி. கேமராவை மாற்றினால் விளக்குகளையும் மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள ஃப்ளாஷுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நான்கு பென்டார்ச் செல், மொத்தம் 6 வோல்ட். ஸ்விட்சைப் போட்டதும் 'கீ...' என்று மெல்லிய சத்தம் ஏறிக்கொண்டே போகும். உள்ளே ஒரு சுற்று அந்த 6 வோல்ட்டைச் சுமார் 330 வோல்ட்டாக உயர்த்தி ஒரு மின்தேக்கியில் நிரப்பும் ஓசை அது. 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 330 வோல்ட்டில் நிறைந்தால் அதில் ஏறக்குறைய 54 ஜூல் ஆற்றல் இருக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆறு நொடி எரிவதற்கு ஆகும் மின்சாரம், அவ்வளவுதான். ஆனால் ஃப்ளாஷ் அதை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் கொட்டிவிடுகிறது. அந்தக் கணத்தில் அதன் திறன் 54,000 வாட். நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் பதினான்கை ஒரே நேரத்தில் ஓட்டும் திறன் இது.

ஆற்றலைக் கொட்டும் இடம் செனான் வாயு அடைத்த சிறு கண்ணாடிக் குழாய். நாம் மூச்சுவிடும் காற்றில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் வாயு அது. சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. குழாயின் வெளிப்புறத்தில் சில ஆயிரம் வோல்ட் ஒரு தட்டுத் தட்டினால் வாயு அயனியாகிறது. வழி திறக்கிறது. தேங்கி நின்றது மொத்தமும் பாய்கிறது. மேட்டூரில் 120 அடி தண்ணீர் நின்றாலும் மதகைத் தூக்கச் சொல்லி ஒரு உத்தரவு வர வேண்டும் அல்லவா? இங்கே உத்தரவு கேமராவிலிருந்து வருகிறது.

அந்த உத்தரவு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஷட்டர் முழுவதும் திறந்த கணத்தில் கேமரா இரண்டு உலோகப் புள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. வீட்டில் காலிங் பெல் அழுத்துவது போலத்தான். கேமராவின் மேல் இருக்கும் ஹாட் ஷூவைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தண்டவாளம்போல ஓடும் உலோகச் சட்டம் ஒரு முனை. நடுவில் வட்டமாக இருக்கும் பொட்டு இன்னொரு முனை. இரண்டும் இணைந்தால் ஃப்ளாஷ் அடிக்கும். அந்த நடுப்பொட்டுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்: 'இப்போது'.

இந்தச் சொல்கூடத் தேவைப்படாத காலம் இருந்தது. 1851-இல் இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் சுழலும் சக்கரத்தில் ஒரு செய்தித்தாள் பக்கத்தை ஒட்டி, இருட்டறையில் லென்ஸைத் திறந்து வைத்து, லேடன் ஜாடிகளிலிருந்து ஒரு மின்பொறியைத் தட்டிவிட்டார். பொறி அடித்த கணம் மட்டும் படத்தில் பதிந்தது. 1930-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஹரால்டு எட்ஜர்டன் வாயுக் குழாயைக் கொண்டு அதே வித்தையை ஒவ்வொரு புகைப்படக்காரர் கைக்கும் வரும்படி செய்தார். பின்னர் கேமராவும் விளக்கும் வயரால் இணைந்தன. இன்றும் சில கேமராக்களில் பி.சி. சாக்கெட் என்று ஒரு சிறு துளை இருக்கும். பலர் நினைப்பதுபோல அதற்கும் கம்ப்யூட்டருக்கும் தொடர்பில்லை. புரோன்டார், காம்பூர் என்ற இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்துகள் அவை. அதன்பின் ஹாட் ஷூ வந்தது. அதன் அளவுகளை ஐ.எஸ்.ஓ. 518 என்ற உலகத் தரம் வரையறுக்கிறது. நிக்கான் ஃப்ளாஷின் கால் கேனான் கேமராவில் நுழைவதும், நடுப்பொட்டு நேராகப் பொருந்துவதும் இதனால்தான்.

அப்படியானால் சண்டை எங்கே தொடங்குகிறது? நடுப்பொட்டைச் சுற்றி இருக்கும் சின்னப் பொட்டுகளில்.

லென்ஸ் வழியாக ஒளியை அளந்து ஃப்ளாஷின் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் முறையை டி.டி.எல். என்கிறோமே, அதன் பேச்சு அந்தச் சின்னப் பொட்டுகள் வழியாக நடக்கிறது. பட்டனை அழுத்தியதும் கேமரா ஃப்ளாஷிடம் ஒரு சிறு முன்வெளிச்சம் கேட்கிறது. அது பட்டுத் திரும்பி லென்ஸ் வழியாக வருவதை அளக்கிறது. 'இவ்வளவு வேண்டும்' என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. பிறகுதான் 'இப்போது'. இமைப்பதற்குள் முடிந்துவிடும் இந்த உரையாடலை ஏறக்குறைய ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த மொழியில் நடத்துகிறது. பொட்டுகளின் இடம் வேறு, வோல்ட் வேறு, சொற்கள் வேறு. அகராதியை யாரும் வெளியிடுவதில்லை. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் சமிக்ஞைகளை உளவு பார்த்தே மொழியைக் கற்றன. நிக்கான் ஃப்ளாஷைக் கேனான் தலையில் வைத்தால் ஒருவர் பொட்டில் இன்னொருவர் ஊசி தவறாக விழுந்து குழப்பம் வரலாம். நடு ஊசியை விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் டேப் ஒட்டிப் பயன்படுத்தும் பழைய கைவேலை இதற்காகத்தான்.

மினோல்டா இன்னும் ஒரு படி மேலே போனது. 1988-இல் ஷூவின் வடிவத்தையே தனக்கென்று மாற்றிக்கொண்டது. 2006-இல் அந்தக் கேமராத் தொழிலை எடுத்துக்கொண்ட சோனியும் அதே வடிவத்தைத் தொடர்ந்தது. 2012-இல்தான் உலகத்தோடு ஒத்த வடிவத்துக்குத் திரும்பியது. இடையில் சோனி வாங்கியவர்கள் அடாப்டர் தேடி அலைந்தார்கள்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. டி.டி.எல். இல்லாவிட்டால் வேலை கெட்டுவிடும் என்ற பயம்தான் பலரைச் சொந்தக் கம்பெனி ஃப்ளாஷுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுக்க வைக்கிறது. அந்தப் பயம் பாதி உண்மை. கேமராத் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளாஷுக்கு அது உண்மை. ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷுக்கு உண்மையில்லை.

ஒளி, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஃப்ளாஷ் கேமராவின் தலையில் இருந்தால், நீங்கள் ஓரடி முன்னே வைக்கும்போதும் பின்னே போகும்போதும் பொருளுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள தூரம் மாறுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் புதுக் கணக்கு. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுப்பார்கள்; அது 40 என்றால் 5 மீட்டருக்கு அபெர்ச்சர் 8, இரண்டரை மீட்டருக்கு 16. டி.டி.எல். வந்தது அந்தக் கணக்கைக் கேமராவிடம் ஒப்படைக்கத்தான்.

ஃப்ளாஷை இறக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டால்? கொலுசுக்கும் விளக்குக்கும் இடையே இரண்டடி. நான் அருகே வந்தாலும் நாலடி தள்ளிப் போனாலும் அந்த இரண்டடி மாறுவதில்லை. கேமரா விலகினால் படம் இருட்டாதா என்று கேட்கலாம். விலகும்போது கொலுசிலிருந்து லென்ஸுக்கு வரும் ஒளி குறைவது உண்மை. ஆனால் சென்சாரில் கொலுசின் பிம்பமும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய இடத்தில் அதே அடர்த்தியில் ஒளி விழுகிறது. ஆகவே முதல் படத்துக்கு மேனுவலில் 1/16 பவர் சரியாக இருந்தால் நூறாவது படத்துக்கும் அதே 1/16 சரி. அன்று பட்டறையில் முப்பது ஜோடிக்கு மேல் எடுத்தோம். ஃப்ளாஷின் எந்தப் பட்டனையும் தொடவில்லை.

டி.டி.எல்.லில் எடுத்திருந்தால், கறுப்புத் துணி அதிகமாகத் தெரியும்போது கேமரா 'இருட்டாக இருக்கிறது' என்று வெளிச்சத்தைக் கூட்டியிருக்கும். நெருங்கி வெள்ளி நிறைந்தால் குறைத்திருக்கும். ஒரே பெட்டியில் இருக்கும் கொலுசுகள் படத்தில் பத்து விதமாக வந்திருக்கும். நின்ற இடத்தில் நிற்கும் விளக்குக்கு மேனுவலே நேர்மையான முறை என்பது என் தீர்மானம். அதற்கு நடுப்பொட்டு ஒன்று போதும்.

நடுப்பொட்டின் சொல்லைத் தூரத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று ஒளி. ஃப்ளாஷில் எஸ்1, எஸ்2 என்று இருக்கும். வேறொரு ஃப்ளாஷ் பளிச்சிடுவதைச் சென்சார் பார்த்ததும் இதுவும் அடிக்கும். முதல் வெளிச்சத்துக்கே அடிப்பது எஸ்1. டி.டி.எல். முன்வெளிச்சத்தை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிப்பது எஸ்2. செலவே இல்லாத முறை, எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். ஏற்காடு போகும் வழியில் உச்சி வெயிலில் ஜோடியை நிறுத்தி எடுக்கும்போது கைவிட்டுவிடும், வெயிலில் அந்தச் சென்சாருக்குக் கண் கூசிவிடுகிறது.

இன்னொன்று ரேடியோ. இன்று பெரும்பாலான ட்ரிகர்கள் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. பிராண்டு பிரச்சினைக்கு உண்மையான தீர்வு இங்கேதான் வந்தது. உதாரணமாக கோடாக்ஸ் நிறுவனத்தின் ட்ரிகர்கள் கேனானுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகின்றன. காலில் அந்தந்தக் கேமராவின் மொழி. ஆனால் ட்ரிகரும் விளக்கும் காற்றில் பேசிக்கொள்வது ஒரே பொது மொழியில். கேனானுக்கென்று வாங்கிய அந்நிறுவன ஃப்ளாஷை ஸ்டாண்டில் வைத்து, சோனியின் தலையில் சோனி ட்ரிகர் வைத்தால் போதும், டி.டி.எல். கூட வேலை செய்யும். ட்ரிகர் அந்தக் காலத்துத் துபாஷி போல. கவர்னரின் மொழியும் தெரியும், ஊரின் மொழியும் தெரியும். கேமராவை மாற்றினால் துபாஷியை மட்டும் மாற்றுங்கள், விளக்குகள் அப்படியே இருக்கட்டும்.

துபாஷி கட்டாயம் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். 1/200 அல்லது 1/250 நொடி வரை, முதல் திரை முழுவதும் விலகி இரண்டாவது திரை கிளம்பாமல் இருக்கும் ஒரு சிறு கணம் கிடைக்கிறது. ஃப்ளாஷ் அந்தக் கணத்தில் அடிக்க வேண்டும். 1/1000-இல் எடுத்தால் இரண்டு திரைகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். நடுவில் ஒரு கீற்று மட்டும்தான் திறந்திருக்கும். ஃப்ளாஷ் வெளிச்சம் அந்தக் கீற்றில் மட்டும் விழ, மிச்சமெல்லாம் கறுப்புப் பட்டை. சொந்தக் கம்பெனி ஃப்ளாஷ் என்றால் கேமரா தானாக 1/200-ஐத் தாண்டவிடாது. நடுப்பொட்டு மட்டும் பேசும் ஃப்ளாஷ் தலையில் இருப்பதே அதற்குத் தெரியாது. நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

வெயிலில் 1/4000-இல் எடுக்க ஹை ஸ்பீடு சின்க் என்ற முறை இருக்கிறது. ஃப்ளாஷ் ஒரே அடியாக அடிக்காமல், திரைகள் ஓடி முடியும்வரை நொடிக்குப் பல ஆயிரம் என்ற வேகத்தில் சிறு துடிப்புகளாக மின்னிக்கொண்டே இருக்கும். அதற்கு முதல் திரை கிளம்பும் முன்பே மின்னத் தொடங்க வேண்டும். நடுப்பொட்டு 'இப்போது' சொல்வது ஷட்டர் திறந்த பிறகு. அதற்குள் காலம் கடந்துவிடும். முன்கூட்டியே சொல்லும் செய்தி சின்னப் பொட்டுகள் வழியாகத்தான் வரும். அதனால் கேமராவின் மொழி தெரிந்த ட்ரிகரோ ஃப்ளாஷோ இல்லாமல் இது நடக்காது.

கல்யாண மண்டபத்தில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் பரீட்சைக்கு வரும். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கும் தாலி கட்டுவதும் பல வீடுகளில் விடியும் முன்பே நடந்துவிடும். சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். ஒரு முகூர்த்தத்தில் பெண் வீட்டார் ஒரு ஸ்டூடியோ, மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். இரண்டு பேரிடமும் ஒரே வகை ட்ரிகர், இரண்டும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே முதல் சேனலில். இவர் பட்டனை அழுத்த அவருடைய விளக்கும் அடித்தது, அவர் அழுத்த இவருடையதும் அடித்தது. தாலி கட்டும் நேரத்தில் இவருடைய விளக்கு சார்ஜ் ஏறாமல் கீ... என்று முனகிக்கொண்டு நின்றது. அந்த ஒரு கணம் இனி எந்த விலைக்கும் கிடைக்காது. சேனல் எண்ணை மாற்ற ஐந்து நொடி ஆகும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர் ஸ்டூடியோக்காரரிடம் "அண்ணா, நீங்க எந்தச் சேனல்?" என்று கேட்டுவிடுங்கள்.

மிரர்லெஸ் கேமராவில் பிற கம்பெனி ட்ரிகரை மாட்டியதும் திரை இருண்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். பழுது எதுவும் இல்லை. ஃப்ளாஷ் இருப்பது தெரியாததால், 'இந்த செட்டிங்கில் படம் இப்படித்தான் இருட்டாக வரும்' என்று கேமரா உண்மையைக் காட்டுகிறது. மெனுவில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைத்தால் சரியாகிவிடும். சைலன்ட் ஷட்டரில் வைத்திருந்தால் பெரும்பாலான கேமராக்கள் ஃப்ளாஷை அடிக்கவே விடாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஷூவைக் கண்ணால் பார்ப்பது நல்லது. 2019-இல் வந்த கேனான் 200டி மார்க் 2-இல் நடுப்பொட்டே கிடையாது. நடுப்பொட்டை மட்டும் நம்பிய மலிவான ட்ரிகர்கள் அதில் ஊமை. கேனான் மொழி தெரிந்த ட்ரிகர் ஒன்றுதான் வழி. ஒரு தலைமுறை முழுவதற்கும் பொதுவாக இருந்த அந்த ஒரே சொல்லை எடுத்துவிட்டது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. அப்பா, மாமா காலத்து ஃப்ளாஷ்கள் நம் ஊர் பீரோக்களில் நிறைய இருக்கின்றன. பழைய ஃப்ளாஷ்கள் பலவற்றில் மின்தேக்கியின் உயர் வோல்ட் அப்படியே நடு ஊசியில் நிற்கும். 1970-களின் புகழ்பெற்ற விவிடார் 283-இன் தொடக்ககால ஃப்ளாஷ்கள் சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் உண்டு. அந்தக் காலக் கேமராவில் இரண்டு உலோகத் தகடுகள்தான் தொட்டுக்கொண்டன, அவை தாங்கின. இன்றைய கேமராவில் அந்த இணைப்பைச் செய்வது ஒரு சிறு குறைக்கடத்தி. 1992-இன் ஐ.எஸ்.ஓ. 10330 தரம் கேமரா தாங்க வேண்டியதாகச் சொல்வது 24 வோல்ட். சில நிறுவனங்கள் தங்கள் கேமரா 250 வோல்ட் வரை தாங்கும் என்கின்றன. எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை. என் நண்பரின் கேமரா ஒன்றில் இப்படித்தான் ஷூ செத்துப்போனது.

பீரோவிலிருந்து எடுத்த ஃப்ளாஷைக் கேமராவில் மாட்டும் முன், தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் டிஜிட்டல் மல்டிமீட்டர் கேளுங்கள். ஃப்ளாஷைத் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கும் 330 வோல்ட் ஆளையே சாய்க்கும். செல் போட்டு, ரெடி விளக்கு எரிந்ததும், டி.சி. வோல்ட்டில் பெரிய அளவை வைத்துச் சிவப்பு முனையை நடு ஊசியிலும் கறுப்பு முனையைக் காலின் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். 24-க்குக் கீழே இருந்து, உங்கள் கேமராவின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொல்லாவிட்டால் மாட்டலாம். மேலே இருந்தால் கேமராவின் தலையில் வைக்காதீர்கள். வேறொரு ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்க வைக்கும், உயர் வோல்ட் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஒளி ஸ்லேவில் செருகி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், இன்னும் பல வருடம் உழைக்கும். அளந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃப்ளாஷின் முதுகில் ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அதை எடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.